சவுத்எண்டில் அண்ணைக்குத் தெரியாமல் போன மனிதர்

காலை 8.40. மனோர் பார்க் ஸ்டேஷனுக்கு முன்னால் 101ஆம் இலக்க பஸ்ஸுக்கு நாங்கள் நான்கு பேர் நின்றோம்: நான், மனைவி வதனி, மகள் ஆரணி, என் அண்ணை. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்யவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். நான் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் தோள் அவருக்குப் பெரிது.

போகிற இடம் சவுத்எண்ட். லண்டனில் இருந்து கிழக்கே முப்பத்தைந்து மைல், தேம்ஸ் ஆறு கடலில் சேருகிற வாயில் இருக்கிற உல்லாச நகரம். கரையோரம் முழுக்கக் காசு போட்டு விளையாடுகிற மெஷின் கடைகள், ராட்டினங்கள், ஐஸ்கிறீம், கசினோ. ஆனால் நாங்கள் சும்மா ஊர் பார்க்கப் போகவில்லை. ஆரணியும் ஒரு தமிழ்நாட்டுப் பெடியனும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். இரண்டு வீட்டாரும் ஒரு நாள் சேர்ந்து கழித்து, மனம் ஒத்துப்போனால் நாள் பார்ப்பது என்று பேச்சு. பெடியனுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். தகப்பன் டொக்டர் ராமநாதன், தாய் கீதா, இருவரும் கோயம்புத்தூர்க்காரர், வீடு குரொய்டன் பக்கம். இடத்தைத் தெரிவு செய்தது கீதா அக்காதான். ஊரின் பெயரைக் கேட்டதுமே வேறு ஊர் ஏதும் சொல்லலாமா என்று யோசித்தேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் கசினோ ஒன்றின் குசினியில் அண்ணை இருபத்திரண்டு வருஷம் கோப்பை கழுவினவர். என்னை யாழ்ப்பாணத்தில் இருந்து கூப்பிட்டதும், கணக்காளனாகப் படிப்பித்ததும் அந்த வேலைதான். நானோ ராமநாதன் வீட்டுக்கு முதன்முதல் போன அன்று, அண்ணை என்ன செய்தவர் என்று அவர்கள் கேட்க, ஹோட்டல் ஒன்றில் மனேஜராக இருந்தவர் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குடும்பத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டொக்டர். எனக்கு அப்படித்தான் சொல்ல வந்தது. இதற்கு மேல் என்னிடம் நியாயம் கிடையாது.

9.20. ராமநாதன் தம்பதிகள் வந்து சேரவேண்டிய இடம் வெஸ்ட் ஹாம் ஸ்டேஷன். அவர்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. வதனியும் ஆரணியும் கோப்பி வாங்கப் போன நேரம் பார்த்து அண்ணையை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, அங்க வேலை செய்ததைப் பற்றி இண்டைக்கு ஒண்டும் கதைக்காதேங்கோ. உங்களை மனேஜர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

அண்ணை கோட்டின் கையை இழுத்துவிட்டார். "ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டு கதைச்சால்?"

"தெரியாதெண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ர விசயம்."

"ஓம்" என்றார். அண்ணை என்னிடம் மாட்டேன் என்று சொன்ன ஒரு சந்தர்ப்பமும் எனக்கு ஞாபகம் இல்லை. அது தெரிந்துதான் கேட்டேன்.

9.41க்கு ரயில். ஏறினதும் அண்ணை எல்லாரையும் வலது பக்கம் இருக்கச் சொன்னார். பென்ஃப்ளீட் தாண்டியபின் அந்தப் பக்கம்தான் தண்ணீர் வரும் என்றார். சொன்னபடியே வந்தது. லீ என்கிற ஊருக்குப் பிறகு தண்டவாளத்துக்கும் ஆற்று வாய்க்கும் நடுவில் ஒரு மதிலும் நடைபாதையும்தான். சேற்றில் சாய்ந்து கிடந்த வள்ளங்களைக் கீதா அக்கா படம் எடுத்துத் தள்ளினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் அண்ணையைக் கேட்க, நான் முந்திக்கொண்டு, அண்ணை சும்மா வரைபடமும் கையுமாகவே திரிகிறவர் என்றேன். அண்ணை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

10.35க்குச் சவுத்எண்ட் சென்ட்ரல். கடைத் தெருவால் பத்து நிமிஷம் இறங்கி நடந்தால் கடற்பாலம். கரையில் இருந்து ஒன்றேகால் மைலுக்கும் கூடுதலாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகிறது. உலகத்திலேயே இவ்வளவு நீளமான உல்லாசப் பாலம் வேறு கிடையாதாம். பாலத்தின் மேல் ஒரு சின்ன ரயிலும் ஓடுகிறது. போக ரயில், வர நடை என்று தீர்மானித்தோம். பாலத்தின் அந்தத்தில் இறங்கிப் பார்த்தால் கடல் வற்றுகிற நேரம். கரைப் பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் சேறும் நண்டுக் குழியும்தான்.

"கடல் எங்கங்க? கட்டின காசுக்குக் கடலைக் காட்டுங்க" என்றார் ராமநாதன், சிரித்துக்கொண்டு.

அண்ணைக்கு அதில் குதூகலம் வந்துவிட்டது. இரண்டு மணிக்குப் பிறகு பாருங்கள், இந்தச் சேறு ஓரிடமும் தெரியாது, தண்ணீர் ஓசைப்படாமல் வந்துவிடும் என்றார். எதிரே தெரிகிற கரை கென்ட் மாகாணம், அந்தக் கப்பல் டில்பரிக்குப் போகிறது, காற்று இந்தத் திசையில் அடித்தால் பின்னேரம் மழை. இப்படிக் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுசன். கீதா அக்கா அவரைவிட்டு நகரவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அந்த ஊரை எங்களுக்குக் காட்டியது அண்ணைதான். நான் ஒவ்வொரு வசனத்துக்கும் பயந்து பயந்து, நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி நடந்தேன். ஒரு இடத்தில் "விடிய அஞ்சு மணிக்கு இந்த இடத்தைப் பார்க்கவேணும்" என்று தொடங்கியவர், என் கண்ணைக் கண்டுவிட்டு நிறுத்தினார்.

12.30க்குக் கரையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பாடு. கீதா அக்கா எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார், வதனி மரக்கறி ரோல்ஸ். சிப்ஸ் ஒரு பொட்டலம் நான்கு பவுண் ஐம்பது. கடற்காகங்கள் கையில் இருப்பதையே பறிக்கும், கவனம். ராமநாதனின் ரோல்ஸில் பாதி அப்படித்தான் போயிற்று. எல்லாரும் வயிறு நோகச் சிரித்தோம். சம்பந்தம் சரிவந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்தது. வதனியும் அதே யோசனையோடு என்னைப் பார்த்தாள்.

2.10. கரையோரம் மேற்கே நடந்தோம். ஐஸ்கிறீம் கடையில் நீண்ட வரிசை. ஒரு கோன் மூன்று பவுண் இருபது. வதனியும் ஆரணியும் வரிசையில் நிற்க, நாங்கள் நான்கு பேரும் மெல்ல நடந்தோம். கண்ணாடி முகப்பு வைத்த கசினோ வந்தது. அதை எப்படிக் கடப்பது என்று நான் காலையிலேயே யோசித்து வைத்திருந்தேன், தெருவின் மற்றப் பக்கம் போவதென்று. ஆனால் கீதா அக்கா நின்றுவிட்டார். கசினோவை சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன், வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தால் யாரும் திட்டுவார்களா என்று கேட்டார். ராமநாதன் மனைவியைக் கேலி செய்துகொண்டு போனை எடுத்துப் படம் பிடிக்க ஆயத்தமானார். அண்ணை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

அப்போதுதான் பஸ் தரிப்பில் இருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், ஆபிரிக்கர், தோளில் பை, உள்ளே வெள்ளைச் சமையல் சட்டை. வேலைக்குப் போகிறவர். எங்களைக் கடந்து இரண்டடி போனவர் திரும்பினார்.

"அண்ணை!" என்றார். பச்சைத் தமிழில்.

பையை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "அண்ணை, எப்பிடிச் சுகம்? சாப்பிட்டாச்சே?" அது எங்கள் வீட்டு உச்சரிப்பு. அண்ணை பழக்கிவிட்ட தமிழ். நேரே சந்தித்ததில்லை, ஆனாலும் அண்ணையின் போனில் உள்ள படங்களால் இவர் யார் என்று எனக்குத் தெரியும். கோஃபி. கானாக்காரர். அண்ணை முழங்கால் நோவோடு நின்ற கடைசி வருஷங்களில் பாரமான சட்டிகளைத் தானே தூக்கிக் கழுவினவர். முன்பெல்லாம் அவருக்கென்று அண்ணை வதனியிடம் கேட்டு மீன் கட்லட் கொண்டுபோவார்.

அண்ணை கோஃபியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். நான் தலையை அசைத்திருந்தால் போதும், வேண்டாம் அண்ணை, கதையுங்கோ என்று கண்ணால் காட்டியிருந்தால் போதும். நான் தரையைப் பார்த்தேன்.

"மன்னிக்கவும்" என்றார் அண்ணை ஆங்கிலத்தில். "ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டீர்கள். எனக்கு உங்களைத் தெரியாது."

கோஃபி பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என்னையும் என் உடுப்பையும் பார்த்தார், ராமநாதனின் கையில் இருந்த போனைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. விரித்த கைகளைக் கீழே விட்டார். "சொறி, சேர்" என்று அண்ணையிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பக்கவாட்டால் பின்வாசலுக்குப் போனார். கூடச் சட்டி கழுவினவனை சேர் என்று கூப்பிட வைத்துவிட்டோம்.

அத்தோடு விட்டேனா? இல்லை. ராமநாதன் என்னவென்று கேட்குமுன்பே நான் விளக்கம் கொடுத்தேன். ஈஸ்ட் ஹாம் பக்கம் இருந்தவராக இருக்கும், எங்கள் ஆட்களோடு பழகி நாலு சொல் பிடித்திருப்பார், தமிழ் முகத்தைக் கண்டால் இப்படித்தான் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ராமநாதன் போனைப் பைக்குள் வைத்தார். கீதா அக்கா வாசலை எட்டிப் பார்க்கவில்லை. ஆரணி கொண்டுவந்து தந்த ஐஸ்கிறீமை அண்ணை நக்கவே இல்லை, அது உருகிக் கோட்டின் கையில் வழிந்தது. தண்ணீர் ஏறிச் சேறெல்லாம் மறைந்து, கடல் பாலத்தடிக்கு வந்திருந்தது.

5.20, திரும்பும் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில். ஆரணி வந்து என் பக்கத்தில் நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"அப்பா, பெரியப்பா ஏன் கோஃபி அங்கிளைத் தெரியாதெண்டு சொன்னவர்?"

உனக்கு ஆர் சொன்னது என்றேன்.

"கீதா ஆன்ட்டிதான் நடந்ததைச் சொல்லி என்னைக் கேட்டவா, தமிழ் கதைச்ச ஆபிரிக்கர் எண்டதும் எனக்கு ஆளைத் தெரிஞ்சிட்டுது. தாங்கள் நிண்டபடியாலதான் அவர் அப்பிடிச் சொன்னவரோ, தாங்கள் ஏதும் பிழையா நடந்திட்டமோ எண்டு அவாக்குக் கவலையாக் கிடக்கு. அவையளுக்குப் பெரியப்பாவின்ர வேலை தெரியும், அப்பா. நான் போன மாசமே எல்லாம் சொல்லிட்டன்."

ரயிலில் கீதா அக்கா அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார். எலுமிச்சை சாதத்துக்கு என்ன என்ன போட்டவர் என்று அவர் சொல்ல, அண்ணை தலையாட்டிக்கொண்டு வந்தார். வெஸ்ட் ஹாமில் பிரியும்போது ராமநாதன் என் கையைப் பிடித்து, "நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க. உங்க அண்ணாதான் முன்ன நின்னு தட்டு மாத்தணும், அதுல எங்களுக்கு மாத்துக் கருத்தே இல்ல" என்றார். என் பொய்யைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேசியிருந்தால் மறுமொழியாவது சொல்லியிருக்கலாம். அவருடைய மரியாதை என்னை நிமிரவே விடவில்லை.

7.15க்கு மனோர் பார்க். சவுத்எண்டில் பிடித்த உப்புக்காற்றின் மணம் இன்னும் உடுப்பில் இருந்தது. வெளிச்சம் குறையவில்லை, கோயிலுக்குப் போகிற சனம் எதிரே வந்தது. வதனியும் ஆரணியும் முன்னால் போய்விட்டார்கள். அண்ணை கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் தந்தார்.

"நாளைக்கு நான் ஒருக்கா அங்க போட்டு வாறன்" என்றார். "அவன் ரெண்டரைக்கு வேலைக்கு வருவான். மன்னிப்புக் கேட்கவேணும்."

பொய் சொல்லச் சொன்னவன் நான், மன்னிப்புக் கேட்கவேண்டியவனும் நான்தான் என்றேன். நானும் வருகிறேன், வேலைக்கு லீவு போடுகிறேன் என்றேன்.

அண்ணை நடக்காமல் நின்றார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"வந்தால், உன்னை அவனுக்கு ஆரெண்டு சொல்லுறது?"