பெரும்பாலும் ஓட்டப் போவது யார்? சிட்னியில் இரண்டு கதவுக் கார் வாங்கிய பயணம்

போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள், சிட்னிக்குப் போய்ப் பழைய கார் வாங்கி மெல்பேர்ணுக்கு ஓட்டிக்கொண்டு வரலாமா என்று. வரலாம். நானும் என் பேத்தி தர்சியும் இந்தப் பங்குனியில் போய் வந்தோம். இரண்டு நாள், 875 கிலோமீற்றர். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

தர்சிக்கு இருபது வயது. நோபல் பார்க்கில் என்னோடும் என் மகள் வாசுகியோடும் இருக்கிறாள். கிழமை நாட்களில் யூனிவர்சிற்றிப் படிப்பு, மற்ற நேரமெல்லாம் பேக்கரி வேலை. மூன்று வருடத்தில் 19,600 டொலர் சேர்த்தாள். அவள் ஆசைப்பட்டது ஜப்பானில் செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நிலத்தோடு ஒட்டின உயரம், கையால் கியர் மாற்ற வேண்டும். கோடீஸ்வரர் வாங்குகிற வகை இல்லை, சம்பளக்காரர் ஆசைப்பட்டால் எட்டிப் பிடிக்கக் கூடியது. ஆனாலும் புதிதாக எடுக்க அவளுக்குக் கட்டாது. பத்து வருடம் ஓடியது மெல்பேர்ணில் இருபத்தோராயிரம், இருபத்திரண்டாயிரம். சிட்னி வெஸ்ட்மீட்டில் ஒருவர் 18,500 போட்டிருந்தார், சாம்பல் நிறம், 96,000 கிலோமீற்றர். ஐந்நூறு டொலர் அச்சாரம் அனுப்பிவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள்.

காரைவிட இன்சூரன்ஸ்தான் தலையிடி. இருபது வயதுப் பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினால், அதுவும் முன்பு ஒருமுறை முன்னால் நின்ற காரில் இடித்திருந்தால், வருடத்துக்கு 4,470 டொலர். அதே கார் என் பேரில், நான்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னால் 1,340. தர்சியின் சிநேகிதிகள் எல்லாரும் தாய் தகப்பன் பேரில்தான் எடுத்திருக்கிறார்களாம். வாசுகி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள்.

"அவளின்ட பேரில எடுக்கட்டும். காசு காணாட்டி நாலு கதவுக் கார் எடுக்கட்டும். அம்மா, நீங்கள் இதுக்குள்ள தலையைப் போடாதேங்கோ."

நான் போட்டேன். பேத்திக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். முழு உண்மை அது இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இந்த நாட்டுக்கு வந்து ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் லைசன்ஸ் எடுத்தவள். பதினொரு வருடம் டண்டினோங்கில் மரக்கறி பொதி செய்யும் இடத்துக்கு நானே ஓட்டிப் போனேன். ஆனால் ஓட்டின கார் எல்லாம் முதலில் அவர் பேரில், பிறகு மகள் பேரில். என் பேர் போட்ட கார்க் கடதாசி ஒன்று என் கைக்கு வந்ததில்லை. ஒரு கிழமை குசினி அடுப்படியில் நின்று தர்சி எனக்கு இங்கிலீசில் பாடம் எடுத்தாள். யெஸ், ஐ ஆம் தி மெயின் டிரைவர். பத்துத் தரம் சொன்னால் பத்துத் தரமும் சரியாகச் சொன்னேன்.

வெள்ளி காலை 5.21 றெயிலில் நோபல் பார்க்கில் ஏறினோம். நகரத்தில் இறங்கி விமான நிலைய பஸ். விமான ரிக்கற் ஆளுக்கு 89 டொலர், ஒருவழி. 8.15க்குப் புறப்பட்டு 9.40க்கு இறங்கினோம். மழை. சிட்னி விமான நிலையத்திலிருந்து வெஸ்ட்மீட்டுக்கு றெயிலில் தர்சிக்கு 22 டொலர் (நான் பென்சன்காரி, எனக்குக் குறைவு), அதில் பெரும்பகுதி விமான நிலைய ஸ்ரேசனைத் தாண்டுவதற்கு மட்டும். சாமான் குறைவென்றால் வெளியே போய் சாதாரண பஸ் பிடியுங்கள்.

கார்க்காரரின் பேர் செந்தில். முப்பத்தைந்து வயது இருக்கும், மதுரைப் பக்கம். கதவைத் திறந்ததும் வெறும் வீடு. சுவரில் ரீவீ இருந்த இடத்தில் நாலு ஓட்டை. வேலை போய்விட்டது, விசாக் காலத்துக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை, செவ்வாய்க்கிழமை விமானம். மனைவியும் பிள்ளையும் முன்னமே போய்விட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. காபி போடலாம்னா டம்ளர் கூட வித்துட்டேன். யாருங்க ஓட்டப் போறது, பாப்பாவா?"

"கார் என்ர பேரில" என்றேன் நான்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார். "கியர் வண்டிம்மா. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். கல்யாணமான புதுசுல வாங்குனது. என் பொண்டாட்டியே ஒரு தடவை ஓட்டிட்டு, இது வண்டியா உரலான்னு கேட்டா."

நான் ஒட்டோமற்றிக் மட்டும்தான் ஓட்டுவேன். அதை நான் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கப் போனோம். பின் ஆசனம் என்று சொல்கிறார்களே தவிர, அதில் இரண்டு அரிசி மூட்டை வைக்கலாம், ஆள் இருக்க முடியாது. செந்தில் தம்பி மடங்கி அதற்குள் போனார், முழங்கால் நாடியில் முட்டியது. நான் முன்னால். ஏறுவது என்று இதற்குச் சொல்லக்கூடாது, இறங்குவது. கீழே போய் உட்கார்ந்தேன், றோட்டு எனக்குப் பக்கத்தில் ஓடியது. தர்சி இரண்டாம் கியர் போட்டாள், மூன்றாம் கியர் போட்டாள், பின்னாலிருந்து அவர், "பாப்பா சூப்பரா ஓட்டுதும்மா. நான் கூட இவ்வளவு நல்லா ஓட்டுனதில்ல" என்றார். பிள்ளை சிரித்தாள். தகப்பன் வீட்டை விட்டுப் போனபிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விலை 17,800க்குப் படிந்தது. பதிவு இன்னும் ஏழு மாதம் இருந்தது. காரின் மேல் கடன் உண்டா என்று அரசாங்கப் பதிவேட்டில் பார்க்க இரண்டே டொலர்தான், அதைக் கட்டாயம் பாருங்கள். மூன்று மணிக்கு இன்னொருவர் பார்க்க வருவதாக இருந்தது. இன்சூரன்சுக்குப் போன் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

12.50க்கு எடுத்தோம். தர்சி போனை ஸ்பீக்கரில் என் மடியில் வைத்தாள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பேசினாள், கடகடவென்று. இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். மூன்றாவது விளங்கவில்லை. அவள் மரியாதையாகக் கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று. ஆசுபத்திரியிலும் வங்கியிலும் இந்தக் கேள்விக்கு நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அது எங்கள் உரிமை, வெட்கப்படக் கூடாது என்று எங்கள் முதியோர் சங்கத்தில் மற்றக் கிழவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பழக்கத்தில் வாய் முந்திவிட்டது. "தமிழ், ப்ளீஸ்."

தர்சி கையை ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று. போனில் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

நாலு நிமிடம் கழித்து வந்த குரல் என் வயதுக் குரல். யாழ்ப்பாணத்து ஆள்தான், ஆனால் சுத்தத் தமிழ். "வணக்கம் அம்மா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லும் பதில்கள் உண்மையாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். விளங்குகிறதா, அம்மா?"

"ஓம் பிள்ளை, விளங்குது."

பேர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்: "இந்தக் காரைப் பெரும்பாலும் ஓட்டப் போவது யார், அம்மா? நீங்களா?"

இங்கிலீசுக்காரி கேட்டிருந்தால் வாய் தானாகச் சொல்லியிருக்கும். குசினியில் பழக்கின சத்தம்தானே. இது வேறு. இந்தக் குரல் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று, சுகமா அக்கா என்று கேட்கிற குரல். தர்சி எனக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, சத்தம் வராமல் உதட்டை அசைத்தாள். செந்தில் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "பேத்திதான் ஓட்டுவாள். எனக்குக் கியர்க் கார் ஓட்டத் தெரியாது."

அவள் அதை இங்கிலீசில் சொல்லுவது கேட்டது. இரண்டு வரிதான். பிறகு தொகை வந்தது, 4,470. தர்சி போனை எடுத்து நிறுத்தினாள்.

"ஒரு யெஸ், அம்மம்மா" என்றாள். "வன் வேர்ட். அவ்வளவுதானே கேட்டனான்."

பல்கனிக்குப் போய் மழைக்குள் நின்றாள். செந்தில் தம்பி என்னிடம் மெதுவாக, "விடுங்கம்மா. நாளைக்கு எங்கயாவது இடிச்சா, இன்சூரன்ஸ்காரன் வந்து, அம்மா கிளட்ச் எதுன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். அஞ்சு காசு தரமாட்டான்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அது எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை, இப்போதும் இல்லை.

இருபது நிமிடம் கழித்துத் தர்சி உள்ளே வந்து காரைத் தன் பேரில் எழுதினாள். இன்சூரன்ஸ், நாங்கள் இடித்தால் மற்றவரின் சேதத்துக்கு மட்டும் கொடுக்கிற வகை, வருடம் 430. எங்கள் காருக்கு என்ன நடந்தாலும் அது எங்கள் தலையில். பத்தொன்பதாயிரம் டொலர் உழைப்பில் பெரும்பகுதி அந்தச் சாம்பல் தகட்டுக்குள் போய்விட்டது. செந்தில் தம்பி திறப்பைக் கொடுத்துவிட்டுக் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டை விற்றவர் தட்டுவது போல. பிறகு திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

2.40க்குப் புறப்பட்டோம். 185 கிலோமீற்றர் ஓடி 5.20க்குக் கோல்பேர்ன். மோட்டல் 128 டொலர், கட்டில் சுத்தம், கேத்தில் நாற்றம். இரவுச் சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோன பாணும் சம்பலும். அவள் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் இருந்து சாப்பிட்டாள்.

சனி காலை 7.05க்குப் புறப்பாடு, ஊர் முழுக்கப் பனிப்புகார். ஹியூம் நெடுஞ்சாலை நல்ல றோட்டு, இரண்டு பக்கமும் இரட்டைப் பாதை. ஆனால் உயரம் குறைந்த காரில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லொறி பக்கத்தில் வந்தால் அதன் சில்லு உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும், அது அடிக்கிற தண்ணீரில் மூன்று நான்கு விநாடி ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு லொறிக்கும் நான் கால் விரலை மடக்கினேன். குண்டகாய் 9.10. தாண்டி அரை மணித்தியாலத்தில் முன்னால் போன லொறியிலிருந்து ஒரு கல். துவக்குச் சத்தம் போல. முன் கண்ணாடியில், என் பக்கம், ஐந்து சதக் காசளவில் ஒரு நட்சத்திரம்.

தர்சி வேகத்தைக் குறைத்து லொறியை முன்னால் போக விட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஹோல்ப்ரூக்கில் 11 மணிக்கு நிறுத்தினோம். கடலுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த ஊரில், புல்லுக்கு நடுவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பார்க்கக் காசு இல்லை, கழிப்பறையும் சுத்தம். ஈர மர வாங்கில் உட்கார்ந்து மிச்சப் பாணைச் சாப்பிட்டோம். மழை விட்டிருந்தது. அப்போதுதான் கேட்டாள்.

"அந்த அன்ரி தமிழில கேட்காட்டி? இங்கிலீஷ்ல கேட்டிருந்தா யெஸ் சொல்லியிருப்பீங்களா?"

கப்பலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இதற்கும் ஒரு பொய் சொல்லலாம். நான் பொய் சொல்லாதவள், உனக்கும் அதைத்தான் காட்டினேன் என்று சொன்னால் அவள் நம்பியும் இருப்பாள்.

"ஓம்" என்றேன். "சொல்லியிருப்பன்."

"ஸோ, உண்மைக்காக இல்ல."

"இல்லை."

"தமிழுக்காக."

அவள் கையில் ஒட்டின பாண் தூளைத் தட்டிவிட்டு எழும்பினாள். கீழே இருக்கிற அந்த ஆசனத்திலிருந்து எழும்பவும் அதற்குள் போகவும் எனக்கு யாராவது கை தர வேண்டும். அதுவரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுற்றி வந்து கை தந்தவள், அங்கே தரவில்லை. கதவைப் பிடித்து நானே உள்ளே இறங்கினேன்.

அல்பரி 11.50. அங்கிருந்து நோபல் பார்க் வரைக்கும் நட்சத்திரத்திலிருந்து கீறல் நீள்வதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மெல்பேர்ணுக்குக் கிட்ட வாலன் வந்தபோது ஒரு சாண். வீட்டில் 4.10. பெற்றோல் இரண்டு தரம், முதல் தரம் 98 டொலர், அடுத்த தரம் 71, விலை கூடின வகைதான் ஊற்ற வேண்டும். வாசுகி வாசலுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள், தேத்தண்ணி வைக்கப் போனாள்.

விக்ரோறியாவில் பதிய வாகனத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். உடைந்த கண்ணாடியோடு தர மாட்டார்கள். புதுக் கண்ணாடி 560. நான் என் பென்சனிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், மேசையில் அப்படியே இருந்தது. மூன்று கிழமை சனி ஞாயிறில் இரட்டை வேலை செய்து அவளே மாற்றினாள்.

போக நினைப்பவர்களுக்கு: அச்சாரம் அனுப்ப முன் இன்சூரன்சைக் கேளுங்கள், ஓட்டப் போகிற ஆளின் பேரிலேயே கேளுங்கள். மழை நாளில் போகாதீர்கள். லொறிக்குப் பின்னால் நூறு மீற்றர் விடுங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் இந்த வகைக் காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முதியவர் பேரில் எழுத நினைத்தால், அந்த முதியவர் எந்தப் பாசையில் பொய் சொல்லுவார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

கார் இப்போது அவள் பேரில், வீட்டு வாசலில் நிற்கிறது. நல்ல கார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் அதில் ஏறவில்லை, அவள் ஏறச் சொல்லவும் இல்லை.

போன கிழமை கண் ஆசுபத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. தர்சிதான் எடுத்தாள். நாள் குறித்தாள், நேரம் குறித்தாள். பிறகு அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, "யெஸ், தமிழ் இன்ரர்பிரிற்றர்" என்றாள். போனைக் கையால் பொத்தி, என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை.

"தமிழிலதானே உங்களுக்கு உண்மை வரும்."

குத்திச் சொன்னாளா, வேறு மாதிரிச் சொன்னாளா, எனக்குப் பிடிபடவில்லை. வருகிற வியாழன், காலை 9.40. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நான் றெயில் நேரம் பார்த்து வைத்திருக்கிறேன், 8.12.