ரம்பாவில் ஒரு பேஸ்போல் ஆட்டம்

மார்ச் விடுமுறையின் செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்பே ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்து புறப்பட்டோம். நானும் என் பதினைந்து வயது மகள் அபியும். அமெரிக்க எல்லையைத் தாண்டி பஃபலோ வரை நூற்றறுபது கிலோமீற்றர் கார். அங்கிருந்து புளோரிடாவின் ரம்பாவுக்கு விமானம். பேஸ்போல் பருவம் தொடங்குமுன் அணிகள் ஆடும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் ஒன்றைக் காட்டுவதாகப் போன வருடமே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

போக எனக்கு மனமில்லை. என் மனைவி சுமதியின் தம்பி ரவி இலங்கையில், வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. வீட்டில் தொலைக்காட்சி அணைவதே இல்லை. சுமதிதான் பிடிவாதமாக நின்றாள். "நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை என்னோட கிடந்து அழவேண்டாம்."

எல்லையில் அதிகாரி பயணத்தின் நோக்கத்தைக் கேட்டார். பேஸ்போல் என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

அடுத்த நாள் ஒரு மணிக்கு ஆட்டம். ரொறன்ரோ அணி விருந்தாளி; மைதானம் நியூயோர்க் அணியினுடையது. ஆளுக்கு இருபத்தைந்து டொலர் கொடுத்து வாங்கிய இருக்கைகள் அவர்களுடைய ரசிகர்களின் நட்டநடுவில் இருந்தன. ரொறன்ரோவில் வீதியோரப் பனி இன்னும் கரையவில்லை. இங்கே வெயிலில் கதிரையின் இரும்பு சுட்டது. எங்கள் வரிசையில் ரொறன்ரோ அணியின் நீலச் சட்டை போட்டவள் அபி ஒருத்திதான்.

எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் இருந்தார். பெரிய உடம்பு. கனடாவில் பனிக்கட்டியில்தான் விளையாடுவீர்களாமே என்று அபியைச் சீண்டினார். அவள் விடவில்லை. ரொறன்ரோ ஓர் ஓட்டம் எடுத்தபோது தனியாக எழுந்து நின்று கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கூச்சலிட்டார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாள்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம்; ஆறாவது இன்னிங்ஸில் சுமதி அழைத்தாள். படிக்கட்டுக்குக் கீழே போய் எடுத்தேன்.

"ரவி போயிட்டான்," என்றாள். லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வன்னிக் கரையோரம், மாத்தளனில் செல் குண்டு விழுந்ததாம். வேறொன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு அன்ரி கூட இருப்பதாகச் சொன்னாள். "பிள்ளைக்கு இப்ப சொல்லாதேங்கோ. ஆட்டம் முடியட்டும்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அபி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இன்னிங்ஸில் நியூயோர்க் ஆட்டக்காரன் ஒருவன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. மைதானம் முழுவதும் எழுந்தது. என்னால் எழும்ப முடியவில்லை. பஸ் சாரதி குனிந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். அந்த இரைச்சலுக்குள் நான் உண்மையைச் சொன்னேன்: என் மனைவியின் தம்பி, போர், சற்று முன்தான் செய்தி வந்தது. அதை முதன்முதலாக ஓர் அந்நியரிடம், ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் நின்று கைதட்ட, அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அபிக்குச் சொன்னேன். அவள் ரவியை நேரில் கண்டதில்லை. தொலைபேசியில் கேட்ட குரல் மட்டும்தான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஆறாவது இன்னிங்ஸில."

"அப்ப நான் கத்திக்கொண்டு இருந்தனான். யூ லெட் மீ. கத்த விட்டிட்டீங்கள்."

"நீ கொஞ்ச நேரம் கத்தட்டும் எண்டுதான் இருந்தனான்."

"அம்மா அங்க தனிய அழுதுகொண்டு இருக்கேக்க," என்றாள். பிறகு வாடகைக் காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அன்று மாலை விமானத்திலேயே திரும்பினோம். வழி முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டு வாசல் நிறையச் சப்பாத்துகள். அவற்றைத் தாண்டிப் போய்த் தாயின் மடியில் விழுந்தாள். ரவியின் உடலைப் பற்றிக் கடைசிவரை ஒரு தகவலும் வரவில்லை.

மே மாதம் போர் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த வாரம் ஒரு நாள் நாங்கள் மூவரும் நகரின் நடுவே, போரில் இறந்தவர்களுக்காகக் கூடிய தமிழர் கூட்டத்தோடு வீதியோரம் நின்றோம். அன்று ரொறன்ரோவில் ஆட்டம் இருந்தது. எங்கள் அணியின் ரசிகர்கள் ரயில் நிலையத்திலிருந்து குடும்பம் குடும்பமாக எங்களைக் கடந்து மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. அபி வெகுநேரம் அவர்களைப் பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, ரம்பாவுக்குப் பிறகு முதல் தடவையாக, என் கையைப் பிடித்தாள்.