தம்பி வாயில் தடவிய மருந்து

ஓசூர் மருந்துக்கடையில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையின் வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டாள். கடைக்காரர் போராக்ஸ் கிளிசரின் புட்டியை நீட்டினார். அதே மருந்து.

என் சின்ன வயதில், ஊத்தங்கரையில் என் மூன்று மாதத் தம்பிக்கும் வாய்ப்புண்தான். அப்பாவின் நண்பரான கம்பவுண்டர், "தித்திப்பா இருக்கும் தங்கச்சி, முழுங்குனாலும் ஒண்ணும் ஆவாது. நாலு வேள தடவு" என்று அம்மாவிடம் அதைக் கொடுத்தார். அம்மா தடவினாள். நான்காம் நாள் வலிப்பு கண்டு தம்பி இறந்தான்.

"போராக்ஸ் வயித்துக்குள்ள போயிருக்கு, அதுதான் விஷம்" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் அப்பாவிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது.

வீட்டில் அத்தை, "உன் பால்தான்டி விஷம்" என்று அம்மாவை ஏசினாள். நண்பரைக் காப்பாற்ற அப்பா வாயே திறக்கவில்லை. அப்பாவுக்குப் பயந்து நானும் சொல்லவில்லை. சாகும்வரை அம்மா அத்தை சொன்னதையே நம்பினாள்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கினேன். "கொழந்தைய டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போம்மா!" என்று கத்தினேன்.