மூன்று கட்டம், ஒரு வீடு

கடைசல் பட்டறைக்காரருக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் பழக்கம். முப்பது வருடம் இரும்பு கிறீச்சிடும் இடத்தில் நின்றவர். அங்கே பேச்சு எங்கே காதில் விழுகிறது? தலையாட்டினால், நீ வாயசைத்ததைப் பார்த்தேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆடிட்டருக்கு அதெல்லாம் தெரியுமா, பாவம்.

மூன்று குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் மாடிவீட்டுக்கு எப்படி வரி கட்டுவது என்று கேட்கத்தான் அவரிடம் போனார். ஆடிட்டர் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார். சொந்தப் பேரிலேயே இருந்தால் வாடகை அவர் வருமானத்தோடு சேரும். கூட்டு நிறுவனம் என்றால் வீட்டையே அதன் பேருக்கு மாற்ற வேண்டும், பத்திரச் செலவு தனி. கம்பெனி என்றால் லாபத்துக்கு ஒரு வரி, அதைக் கையில் எடுத்தால் இன்னொரு வரி. என் காசை நான் எடுக்க வரியா என்று இவருக்கு மண்டை காய்ந்தது. சரி, எதுதான் லாபம் என்று கேட்டால், அது வருமானத்தைப் பொறுத்தது என்றார் அந்தப் புண்ணியவான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஆடிட்டர் முதல் கட்டத்தை வட்டமிட்டு, நாளைக்கே வரிப் படிவத்தில் கையெழுத்து என்று தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் தங்கை வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வீட்டின் சுவரில் பாதி அவள் சம்பளம். பத்திரம் பதிந்த அன்று அவளுக்கு லீவு கிடைக்காததால் அண்ணன் பேர் மட்டும் ஏறியது. வாடகையில் பாதி மாதாமாதம் அவள் கைக்குப் போய்விடும், அதனால் இருவரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்குத் தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

மறுநாள் ஆடிட்டர் பேனாவை நீட்டியபோது, வீட்டில் தங்கை பேரையும் சேர்க்க வேண்டும் என்றார் இவர். நேற்றே ஒத்துக்கொண்டீர்களே என்று ஆடிட்டர் முகம் சுளித்தார். முத்திரைத்தாள், பங்கு, இருவருக்கும் தனித்தனிக் கணக்கு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதியிலேயே இவருக்குத் தலை சுற்றியது.

"சார், எனக்கு நேத்தும் ஒண்ணும் புரியல, இன்னைக்கும் புரியல. என் தங்கச்சி பேரு எதுல வருமோ அதை எழுதுங்க. வரி கூடினா கூடட்டும்."