மேகத்தைப் பார்த்து நின்ற செல்வதுரை

எண்பத்தாறாம் வருடம் கார்த்திகை மாதம் பரளச்சி செல்வதுரை கடலுக்குப் போகிறான் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? மூன்று வருடமாக மழை ஏமாற்றி, பையன்கள் கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஊர் அது.

செல்வதுரைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மானாவாரி நிலம் காய்ந்து கிடந்ததால் அருப்புக்கோட்டையில் லாரிக்கு லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் வெங்காய லோடோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனான். அங்கே மாலத்தீவுக்குப் புறப்படவிருந்த பாய்மரத் தோணியில் ஒருவனுக்கு மஞ்சள்காமாலை வந்து ஆள் குறைந்திருந்தது. அந்தத் தோணியை நடத்துகிற தண்டல் கஸ்பார், மூட்டையோடு ஒற்றைப் பலகையில் ஆடாமல் அசையாமல் நடந்து வந்த செல்வதுரையை நிறுத்தினார்.

"எங்கூட வாரியாலே? இந்த ஒரு நடை பாப்பேன். ஒத்துவந்தா தொடர்ந்து வா. இல்லன்னா மாலேயில எறக்கி வேற தோணியில ஊருக்கு ஏத்திவிட்ருவேன்."

"வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் செல்வதுரை மூச்சே விட்டான். அந்தக் கடலையும் அந்த உயரப் பாய்மரத்தையும் பார்த்த பிறகு மறுபடி லாரியில் ஏற அவனுக்கு மனசே வரவில்லை.

அவன் மனைவி ரோஸிதான் குறுக்கு விசாரணை நடத்தினாள். "நீச்சல் தெரியுமான்னு கேக்கலையா அவுக?"

"கேட்டாரு. கெணத்துல அடிப்பேன்னேன்."

"கெணத்துல தண்ணி கெடந்தது எந்த வருசம்?" என்று கேட்டவள், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். ஆசை வந்தால் மனுஷன் இப்படியா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்! ஜெபம் பண்ணி, பருப்புப்பொடி இடித்துக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்."

பயணக் காகிதமெல்லாம் தயாராவதற்குப் பத்து நாள் ஆனது. புறப்பட்ட அன்று பெரிய பாய் விரிந்து படாரென்று காற்றைப் பிடித்ததும் செல்வதுரை விழுந்து விழுந்து சிரித்தான். டீசல் இல்லை, இஞ்சின் இல்லை, அத்தனை வெங்காயமும் காற்றில் போகிறதே! அப்புறம் இரண்டு நாள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் எழுந்து கயிறு இழுத்தான். கோலா மீன்கள் பறந்துவந்து தட்டில் விழுவதுபோல் தோணிக்குள் விழுந்தன. இதை ரோஸியிடம் சொன்னால் நம்பவே மாட்டாள் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்தான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தண்டல் அவனை முன்முனையில் காவலுக்கு நிறுத்தினார். "எது தெரிஞ்சாலும் சத்தம் குடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே ஒரு மேகம் எழும்பியது. யானைக் கறுப்பு. அடிவயிறு தொங்கிக்கொண்டு, ஓரத்தில் மின்னல் கீறிக்கொண்டு, அப்படியொரு மேகத்தை அவன் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கண் கலங்கிவிட்டது. கப்பல் தெரிந்தால் கத்தலாம், பாறை தெரிந்தால் கத்தலாம். மழை வருகிறதென்று காடு உழுகிற எந்தச் சம்சாரியாவது அலறுவானா? "வா, ஆண்டவரே, வா" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

வந்தது. மழைக்கு முன்னால், பாயை இறக்க நேரம் கொடுக்காமல் காற்று வந்தது. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெரிய பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. தண்ணீர் பீப்பாய் இரண்டில் ஒன்று உருண்டு கடலுக்குள் போனது. தண்டல் கத்திய கத்தில் இடியே கேட்கவில்லை. தோணியில் இருந்த ஏழு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். செல்வதுரையின் உள்ளங்கை உரிந்துவிட்டது. பாய் கீழே இறங்கியதும் மழை கொட்டத் தொடங்கியது.

மற்றவர்கள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். செல்வதுரையால் முடியவில்லை. கொட்டுகிற மழையைச் சும்மா விட அவனுக்குப் பழக்கமில்லை. கிழிந்த பாயின் நல்ல பாதியை நாலு மூலையும் தூக்கிக் கட்டினான். முதல் தண்ணீர் உப்புக் கரிக்குமென்று ஓடவிட்டான். வாயில் வைத்துப் பார்த்து, கரிப்பு போன பிறகே பிடித்தான். மிச்சமிருந்த பீப்பாய், சோற்றுப்பானை, வாளி, குவளை என்று ஒன்றை விடவில்லை.

சின்னப் பாயை மட்டும் கட்டிக்கொண்டு ஊர்ந்ததில் மூன்று நாளில் முடியவேண்டிய வழி ஒன்பது நாள் ஆனது. குடித்ததும் பொங்கியதும் அந்த மழைத் தண்ணீரில்தான். தண்டலும் அதையேதான் குடித்தார், ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலே வந்தது. பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், வெள்ளை மணல், கரையெல்லாம் தென்னை. இப்படியும் பூமியில் ஓர் இடம் உண்டா என்று செல்வதுரை சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஆனால் மேகத்தைப் பார்த்துச் சத்தம் கொடுக்காமல் நின்றது அவனுக்கு மறக்கவில்லை. பக்கத்தில் தூத்துக்குடித் தோணி ஒன்று ஊருக்குப் புறப்படத் தயாராக நின்றது. தண்டல் போகச் சொல்வதற்கு முன்னால் நாமே போய்விடலாமென்று துணிப்பையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"எங்கலே கெளம்புற?"

"ஒத்துவரலன்னா எறக்கிவிடுவேன்னு சொன்னீக அண்ணாச்சி. தப்பு என்னோடதுதான்."

தண்டல் குனிந்து, பாய் தைக்கிற கோணி ஊசியையும் நூல் உருண்டையையும் எடுத்து அவன் உரிந்த கையில் வைத்தார்.

"பாயைக் கிழிச்சது யாரு, நானா? பையைக் கீழ வையி. தச்சு முடிக்கப் பத்து நாளாகும். அந்தப் பாயிலதான் ஊருக்குப் போகணும், அடுத்த நடையும் அதுலதான் வரணும்."

"இப்பவே ஆரம்பிக்கட்டா அண்ணாச்சி?" என்று கேட்டான் செல்வதுரை. பதிலுக்குக்கூட நிற்காமல் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தான். தொண்ணூற்றேழில் அந்தத் தோணி ஓய்ந்து கரையேறும்வரை அவன் வேறு வேலைக்குப் போகவில்லை.