முப்பது வாடகைச் சேர், ஆளுக்கொரு லட்டு

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள் பாக்கி. மறுநாள் படகுகள் கிளம்பும். ஐஸ் ஏற்றாமல் எந்தப் படகும் போகாது. அன்றைக்குப் பார்த்துத்தான் எங்கள் ஐஸ் பிளாண்டில் முப்பது வாடகைச் சேர் போட்டு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். நான் அங்கே போர்மேன்.

ஏற்பாடு முதலாளி மகனுடையது. பாரிஸில் படித்துவிட்டு வந்தவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல முசியே என்று கூப்பிடுவோம். சுவரில் ஒரு மலைப் படத்தைக் காட்டினார். "இதான் நம்ம பயணம். பழச விட்டுட்டு எல்லாரும் ஒண்ணா மேல ஏறப்போறோம்" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். ஐஸ் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மூடிப்போன மில்லிலிருந்து வந்தவர்கள். அந்த மில்லிலும் கடைசி நாள் இப்படித்தான் சேர் போட்டு, லட்டு கொடுத்து, நன்றி சொல்லி, கேட்டைப் பூட்டினார்கள்.

பார் ஐஸை உடைக்கும் கிரஷரை ஓட்டும் கன்னியப்பன் லட்டைத் தொடவில்லை. "அண்ணே, கம்பெனிய மூடிட்டானுவோ. எழுந்திரு" என்றான். ஐஸ் இழுக்கும் கொக்கியைக் கீழே போட்டான். அத்தனை பேரும் அவன் பின்னாலேயே போய் கேட்டில் நின்றுகொண்டார்கள். அதற்குள் ஒரு படகுக்காரர் எனக்குப் போன் போட்டுக் கத்தினார்: "யோவ், நாளைக்கு ஐஸ் உண்டா இல்லியா? இல்லன்னா சொல்லு, கடலூர்ல ஏத்திக்கிறேன்!"

முசியே என்னிடம் ஓடி வந்தார். "நான் என்ன தப்பா சொன்னேன்?"

"தப்பா ஒண்ணும் சொல்லல முசியே. ஒண்ணுமே சொல்லல. என்னத்த மாத்தப்போறீங்க?"

"டியூப் ஐஸ் மெஷின் வாங்கறோம். துண்டு துண்டாவே வந்துடும், உடைக்க வேணாம்."

"அப்போ பார் ஐஸ் உடைக்கிறவன் கதி?"

மலைப் படத்தைப் பார்த்தார். "அத இன்னும் யோசிக்கல."

வந்த கோபத்தில் அந்த மலையைத் தூக்கிக் கிரஷரில் போட்டிருப்பேன். "மொதல்ல அத யோசிங்க. அப்புறம் வந்து வாயத் தொறங்க" என்றேன்.

அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு கேட்டுக்குப் போனார். சேர் இல்லை, மைக் இல்லை. "புது மெஷின் வருது. ஒருத்தரையும் அனுப்பமாட்டோம். கன்னியப்பன்தான் அத ஓட்டுவாரு. கத்துக்குடுக்க ஆள் வரும்."

கன்னியப்பன் கேட்டான்: "இத சொல்ல எதுக்கு முசியே சேரு?"

உள்ளே வந்து கொக்கியை எடுத்தான். மறுநாள் எல்லாப் படகுக்கும் ஐஸ் போனது.

மாற்றம் கொண்டுவருகிற மேனேஜர்களுக்குச் சொல்கிறேன். எதிரில் இருப்பவனுக்கு வேலை உண்டா இல்லையா, அதை முதல் வாக்கியத்தில் சொல். அது தெரியாதவரை அவன் காதில் வேறெதுவும் ஏறாது. உனக்கே தெரியவில்லை என்றால் கூட்டம் போடாதே.

மெஷின் வந்த அன்று முசியே லட்டு வாங்கக் கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மிக்சர் வாங்கி வந்தார். எல்லோரும் நின்றுகொண்டே தின்றோம்.