முகூர்த்தப் பட்டுத் தட்டு

நான் விற்பனையாளராக இருக்கும் பட்டுக் கடைக்குப் பெண் மேனேஜர் வருவது அதுதான் முதல்முறை. நெட்டையான உருவம், தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட நூல் புடவை. சேலையைத் தொடுமுன் கைக்குட்டையால் இரண்டு கைகளையும் துடைத்துக்கொள்வார். அவர் ஊருக்கு வெளியே இருக்கிற காலனிக்காரர் என்று முதல் நாளே விசாரித்து வைத்திருந்தோம்.

முகூர்த்தப் பட்டை மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் வைத்து, பெண் வீட்டார் கையில் மேனேஜர் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். ஒருநாள் அவர் தட்டை எடுத்தபோது, பெண் வீட்டாரோடு வந்திருந்த, மேடத்தின் ஊர்க்கார அம்மாள் ஒருத்தி என் காதில், "நீயே குடுப்பா" என்றாள்.

"மேடம், உள்ள உங்களுக்கு போன் வந்துக்கீது" என்று தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போனபிறகுதான் வெளியே வந்தார்.

"போன் எதுவும் வரலியேண்ணே."

"கட்டாயிடுச்சு போல மேடம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வாட்டி பொய் சொல்லாதீங்கண்ணே. கண்ணைக் காட்டுங்க, நானே உள்ள போயிடறேன்."

அதன்பின் நான் கண்ணைக் காட்டவும் தேவைப்படவில்லை. கல்யாண வீட்டார் வந்தாலே தட்டை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய்விடுவார். 'நீங்களே குடுங்க மேடம்' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

என் மகள் கல்யாணத்துக்கும் அங்கேதான் பட்டு எடுத்தோம். கைகளைத் துடைத்துக்கொண்டு அவரே சேலையை மடித்துத் தட்டில் வைத்தார். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேறொரு விற்பனையாளரைக் கூப்பிட்டார்.